அரியலூர் ஓடையில் கிடைத்த அம்மோனைட் சுண்ணாம்புக்கல்லின் வயதைச் சொல்லுமா?

செம்பூரில் குடியிருக்கும் ஒரு தந்தை கேட்டிருக்கும் கேள்வி இது. கோடை விடுமுறைக்குச் சொந்த ஊரான அரியலூர் பக்கம் போனபோது, ஒன்பதாம் வகுப்பு படிக்கும் அவருடைய மகள் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கு அருகே ஒரு ஓடையிலிருந்து சுருள் வடிவக் கல் ஒன்றை எடுத்து வந்திருக்கிறாள். பக்கவாட்டில் எடுத்த படம் ஒன்றை அனுப்பி, "இதை மும்பையில் எங்கே கொடுத்தால் கார்பன் டேட்டிங் செய்து வயது சொல்வார்கள்? இந்தக் கல்லின் வயதுதான் அந்தச் சுண்ணாம்புக்கல்லின் வயதும் என்று எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்கிறார்.

முதல் கேள்விக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லிவிடலாம். எங்கேயும் கொடுக்க வேண்டாம், கார்பன் டேட்டிங் இதற்கு உதவாது. கார்பன்-14 ஒவ்வொரு 5,730 ஆண்டுகளுக்கும் பாதியாகக் குறைந்துகொண்டே போகும். சுமார் 50,000 ஆண்டுகளைத் தாண்டினால் அளக்கிற அளவுக்கு எதுவும் மிஞ்சாது. கீழடியில் கிடைத்த கரித்துண்டுக்கு அது பொருத்தமான முறை. உங்கள் கையில் இருப்பது கோடி ஆண்டுக் கணக்கில் பேசவேண்டிய பொருள்.

இரண்டாவது கேள்விதான் அருமையான கேள்வி. அதற்குச் சற்று நீளமாகப் பதில் சொல்கிறேன்.

முதலில் அது அம்மோனைட்தானா, அதாவது அழிந்துபோன ஒரு கடலுயிரின் சுருள் ஓடுதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அரியலூர், பெரம்பலூர் பாறைகளில் சுருள் வடிவத்தில் கடல் நத்தையும் கிடைக்கும், நாட்டிலஸும் கிடைக்கும், அம்மோனைட்டும் கிடைக்கும். நத்தை ஓட்டுக்குள் தடுப்புச் சுவர் கிடையாது. பெரும்பாலும் ஒரு பக்கமாக உயர்ந்தும் சுருளும். நாட்டிலஸும் அம்மோனைட்டும் கணவாய், ஆக்டோபஸ் ஆகியவற்றின் உறவினங்கள். அவற்றின் ஓடு அறை அறையாகப் பிரிந்திருக்கும். உயிர் இருப்பது கடைசி அறையில் மட்டும். பின்னால் உள்ள அறைகள் மிதப்பதற்கு. ஒவ்வொரு தடுப்புச் சுவரும் வெளி ஓட்டைத் தொடும் இடத்தில் ஒரு கோடு விழும். நாட்டிலஸில் அந்தக் கோடு சும்மா வளைந்து போகும். அம்மோனைட்டில் அது பல் பல்லாக மடிந்து, கிளைவிட்டு, அந்தக் கிளைக்குள்ளும் கிளைவிட்டு ஓடும். மேல் ஓடு உதிர்ந்த இடத்தில்தான் இது கண்ணில் படும். மகளிடம் ஒரு கை லென்ஸைக் கொடுத்து, விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கோடு தெரிந்தால் அதைப் பென்சிலால் தாளில் வரையச் சொல்லுங்கள். வரையும்போதுதான் அதன் சிக்கல் புரியும். இனத்தை அடையாளம் காண்பதில் அந்தக் கோட்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

நாட்டிலஸா அம்மோனைட்டா என்பதில் ஏன் இத்தனை கவனம் என்றால், வயது சொல்வதில் இரண்டுக்கும் மிகுந்த வித்தியாசம் இருக்கிறது. நாட்டிலஸ் வகைகள் மெதுவாகவே மாறின. ஒரே உருவம் பல கோடி ஆண்டு நீடிக்கும். அம்மோனைட் அப்படியில்லை. ஒரு இனம் தோன்றும், கடல் கடலாகப் பரவும், கொஞ்ச காலத்தில் மறைந்து வேறொன்றுக்கு இடம் கொடுக்கும். செத்த பிறகும் காலி ஓடு மிதந்து போய்த் தொலைதூரக் கரையில் சேரும். வேகமாக மாறுவதும் பரவலாகக் கிடைப்பதும் ஒன்றாக அமைந்ததால்தான், 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே கடல் படிவுகளின் காலத்தைப் பிரிக்க நிலவியலாளர்கள் அம்மோனைட்டை நம்பினார்கள். 1850-களில் ஜெர்மனியின் ஆல்பர்ட் ஓப்பல், ஜுராசிக் பாறைகளை அவற்றில் கிடைக்கும் அம்மோனைட் இனங்களை வைத்து மண்டலம் மண்டலமாகப் பிரித்துக் காட்டினார். ஜுராசிக்குக்கு அடுத்து வந்த கிரெட்டேசியஸ் காலத்தில் செனோமேனியன் என்று ஒரு பகுதி உண்டு, 10.05 கோடி முதல் 9.39 கோடி ஆண்டு முன்பு வரை. அந்த 66 லட்சம் ஆண்டுகளை ஐரோப்பாவில் அம்மோனைட்டை வைத்தே ஏழெட்டு மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். சராசரியாக ஒன்று பத்து லட்சம் ஆண்டுக்கும் குறைவு. இவ்வளவு பழைய காலத்துக்கு இது மிக நுட்பமான பிரிவு.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அம்மோனைட் உங்களுக்கு வருடக்கணக்கு சொல்லாது. வரிசையில் இடம் சொல்லும். சோழர் கல்வெட்டை நினைத்துக்கொள்ளுங்கள். இன்ன அரசருக்கு யாண்டு பத்தாவது என்று இருக்குமே தவிர, கி.பி. எண் இருக்காது. யாருக்குப் பின் யார் ஆண்டார், இது அவருடைய எத்தனையாவது ஆண்டு என்பது தெரியும். அதைக் கி.பி. ஆண்டாக மாற்றுவதற்குக் கிழமை, திதி, நட்சத்திரம், கிரகணம் குறிப்பிட்ட வேறு சில கல்வெட்டுகள் வேண்டியிருந்தன; அவற்றை வானியல் கணக்கோடு பொருத்தித்தான் ஆண்டு கண்டார்கள். அம்மோனைட் மண்டலங்களும் இப்படித்தான். எண் வேறு இடத்திலிருந்து வருகிறது.

எங்கிருந்து? எரிமலைச் சாம்பலிலிருந்து. அமெரிக்காவின் நடுப்பகுதி முழுவதும் கிரெட்டேசியஸ் காலத்தில் கடல் இருந்தது. அந்தக் கடலுக்கு மேற்கே எரிமலைகள் வெடித்தபோதெல்லாம் சாம்பல் வந்து கடலடியில் ஒரு மெல்லிய படலமாகப் படிந்தது. கொலராடோ, வயோமிங் பக்கம் போனால், அம்மோனைட் உள்ள அடுக்கு, மேலே சாம்பல், மறுபடி அம்மோனைட் என்று மாறி மாறி வரும். சாம்பலில் உள்ள சானிடின் படிகத்தில் பொட்டாசியம் இருக்கிறது. பொட்டாசியம்-40 சீரான வேகத்தில் ஆர்கானாக மாறும். படிகத்துக்குள் சேர்ந்த ஆர்கானை அளந்தால் படிகம் உறைந்த நாள் தெரியும். சிர்கான் படிகம் இருந்தால் யுரேனியம், ஈயம் அளவை வைத்து இன்னும் நுட்பமாகச் சொல்லலாம். செனோமேனியனுக்கு அடுத்த டுரோனியன் காலத்தின் தொடக்கத்துக்கு உலக அளவில் ஒப்புக்கொண்ட எல்லை, கொலராடோவில் பியூப்லோ என்ற ஊருக்கு அருகே இருக்கிறது. வாட்டினோசெராஸ் டெவனென்ஸ் என்ற அம்மோனைட் முதன்முதலாகத் தலைகாட்டும் அடுக்குதான் அந்த எல்லை. அதன் வயது 9.39 கோடி ஆண்டு என்று சொல்வதற்கு அந்தச் சாம்பல் படலங்களே ஆதாரம்.

அங்கே கிடைத்த எண்ணை நேராக அரியலூருக்குக் கொண்டுவர முடியாது. அமெரிக்காவின் நடுவே இருந்த அந்தக் கடலில் வாழ்ந்த பல இனங்கள் அங்கே மட்டும் வாழ்ந்தவை. இரண்டு இடத்துக்கும் பொதுவான இனங்களைத் தேடி, இடையில் ஐரோப்பாவையும் மடகாஸ்கரையும் வைத்து, இனோசெராமஸ் போன்ற சிப்பிகளையும் கடலில் மிதந்த ஃபொராமினிஃபெரா நுண்ணுயிர்களையும் துணைக்குச் சேர்த்து, படிப்படியாகப் பொருத்துவார்கள். பொறுமை வேண்டிய வேலை. டுர்ரிலைட்டஸ் காஸ்டேட்டஸ் என்று ஒரு அம்மோனைட். தட்டையாகச் சுருளாமல் திருகாணி போல உயர்ந்து சுருளும், மேலே வரிசையாகப் புடைப்புகள் இருக்கும். இங்கிலாந்து, பிரான்ஸ் சுண்ணப் பாறைகளிலும் கிடைக்கிறது, அரியலூருக்கு மேற்கே ஊட்டத்தூர் பக்கத்துப் படிவுகளிலும் கிடைக்கிறது. அது இருந்தால் அந்த அடுக்கு செனோமேனியனின் நடுப்பகுதி, அதாவது ஏறத்தாழ ஒன்பதரைக் கோடி ஆண்டு. இன்னொரு பக்கம் காஸ்மாட்டிசெராஸ் குடும்பம். இந்தியா, மடகாஸ்கர், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அண்டார்டிகா என்று தென்பகுதிக் கடல்களில்தான் அதிகம். ஐரோப்பாவோடு ஒப்பிட அது அவ்வளவாக உதவாது, மடகாஸ்கரோடு ஒப்பிட மிகவும் உதவும்.

"சுண்ணாம்புக்கல்லையே நேராக அளந்தால் என்ன?" என்று மும்பையில் என்னிடம் பாடம் கேட்கும் மாணவர்கள் தவறாமல் கேட்பார்கள். நியாயமான கேள்விதான், ஏனென்றால் இங்கே நம் காலடியில் இருப்பது எரிமலைப் பாறை. கண்டாலா மலைப்பாதையில் அடுக்கடுக்காகத் தெரியும் கரும்பாறையை ஆய்வுக்கூடத்தில் அளந்து, பெரும்பகுதி சுமார் 6.6 கோடி ஆண்டு என்று சொல்லிவிட முடிகிறது. குழம்பு உறைந்த கணத்தில் ஆர்கான் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். சுண்ணாம்புக்கல்லில் அப்படி ஒரு கணம் இல்லை. அதில் கலந்திருக்கும் மணல் துகளை அளந்தால், அந்த மணலைக் கொடுத்த பழைய பாறையின் வயதுதான் வரும். அது நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேலாக இருக்கலாம்.

இதற்கு எனக்கு மிகவும் பிடித்த உதாரணம், மும்பையிலிருந்து வடக்கே, மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டத்தில் இருக்கிறது. பாக் குகை ஓவியங்களால் பெயர் பெற்ற ஊர். அந்தப் பக்கத்தில் தக்காண எரிமலைப் பாறைக்கு அடியில் முண்டும் முடிச்சுமான ஒரு சுண்ணாம்புக்கல் அடுக்கு உண்டு. மேலே உள்ள எரிமலைப் பாறையை எவ்வளவு துல்லியமாக அளந்தாலும், அடியில் உள்ள சுண்ணாம்புக்கல் அதைவிடப் பழையது என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. ஒரு லட்சம் ஆண்டு பழையதா, பத்துக் கோடி ஆண்டு பழையதா? அதற்குப் பதில் சொன்னது அந்தச் சுண்ணாம்புக்கல்லில் கிடைத்த பிளசென்டிசெராஸ் என்ற தட்டையான அம்மோனைட். டுரோனியன், அதற்கு அடுத்த கோனியாசியன் காலத்தவை அவை; சுமார் ஒன்பது கோடி ஆண்டு. ஆக, நர்மதைப் பள்ளத்தாக்குக்குள் கடல் வந்து போனதற்கும் எரிமலைக் குழம்பு வந்து மூடியதற்கும் நடுவே இரண்டு கோடி ஆண்டுக்கு மேல் இடைவெளி. அம்மோனைட் இல்லாவிட்டால் இந்த இடைவெளி நம் கண்ணுக்கே பட்டிருக்காது. அதே பிளசென்டிசெராஸின் இன்னொரு இனம் திருச்சிப் பக்கத்துப் பாறைகளிலிருந்து அடையாளம் காணப்பட்டு, பிளசென்டிசெராஸ் தமுலிகம் என்று பெயர் பெற்றிருக்கிறது.

சரி, உங்கள் ஊருக்கு வருவோம். அரியலூர் பகுதிப் பாறைகள் கிழக்கு நோக்கி லேசாகச் சாய்ந்திருக்கின்றன. அதனால் மேற்கே போகப் போகப் பழையது, கிழக்கே வர வரப் புதியது. மேற்கே கல்லக்குடியில், அதாவது டால்மியாபுரத்தில் உள்ள சுண்ணாம்புக்கல், பவளமும் கடற்பாசியும் சேர்ந்து உருவாக்கியது. செனோமேனியனுக்கு முந்தைய ஆல்பியன் காலம், பத்துக் கோடி ஆண்டுக்கும் மேல். அப்புறம் காரைக் களிமண். வெட்டு வெட்டாக அரித்துப்போய், ஜிப்சம் மின்னும் அந்தத் தரிசில் அம்மோனைட் நிறைய உண்டு. ஆல்பியன் முடிவிலிருந்து டுரோனியன் வரை. அதற்கு மேல் கருடமங்கலம் மணற்கல்லும் சிப்பிக்கல்லும். அந்தச் சிப்பிக்கல்லைப் பளபளப்பாகத் தேய்த்துத் திருச்சினாப்பள்ளி மார்பிள் என்ற பெயரில் அலங்காரப் பொருள்கள் செய்திருக்கிறார்கள். இன்னும் கிழக்கே, கலியுக வரதராசப் பெருமாள் கோயில் இருக்கும் கல்லங்குறிச்சியின் பெயரைத் தாங்கிய சுண்ணாம்புக்கல். அரியலூர் சிமென்ட் ஆலைகளுக்கு முக்கியமான கல் இதுதான். கிரெட்டேசியஸின் கடைசிப் பகுதியான மாஸ்ட்ரிக்டியன் காலத்தின் முற்பகுதி. சுமார் ஏழு கோடி ஆண்டு.

இந்தக் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் நிறைந்து கிடப்பவை அம்மோனைட்டுகள் அல்ல. கிரிஃபியா என்ற தடித்த சிப்பியும் இனோசெராமஸும்தான் அடுக்கடுக்காக இருக்கும். ஆழம் குறைந்த, அலை அடிக்கும் கடலடியில் உருவான கல் அது. அம்மோனைட் அங்கே குறைவு. அதனால் அதன் காலத்தைச் சிப்பி, கடல் முள்ளெலி, ஃபொராமினிஃபெரா ஆகியவற்றை வைத்தும், கீழேயும் மேலேயும் உள்ள அடுக்குகளை வைத்தும்தான் கட்டுகிறார்கள். தடித்த சிப்பி ஓட்டில் ஸ்ட்ரான்சியம் ஐசோடோப்பு விகிதத்தை அளப்பதும் நல்ல குறுக்குச் சோதனை. கடல்நீரில் அந்த விகிதம் காலத்துக்குக் காலம் மாறிவந்திருக்கிறது. அம்மோனைட் ஓடு இதற்கு அவ்வளவாக ஒத்துழைக்காது. அது அரகோனைட் என்ற சுண்ணக் கனிமத்தால் ஆனது, எளிதில் கரைந்தோ, கால்சைட் என்ற இன்னொரு சுண்ணக் கனிமமாக மாறியோ போய்விடும். பல நேரம் நமக்குக் கிடைப்பது ஓடே இல்லை, ஓட்டுக்குள் நிரம்பி இறுகிய மண்ணின் அச்சு.

இப்போது உங்கள் படம். தடித்த வரிகளும், வெளி ஓரத்தை ஒட்டி வரிசையாகப் புடைப்புகளும் தெரிகின்றன. ஒரு பக்கம் மட்டும் பார்த்து இனம் சொல்வது சரியல்ல. ஆனாலும் அகாந்தோசெராஸ் வகையின் சாயல் இருக்கிறது. அப்படித்தான் என்றால் அது செனோமேனியன் பக்கம், ஒன்பதரைக் கோடி ஆண்டு. நீங்கள் சொல்லும் சுரங்கம் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல் சுரங்கமாக இருந்தால், கல்லுக்கும் சுருளுக்கும் இரண்டு கோடி ஆண்டுக்கு மேல் வித்தியாசம். ஒன்றை வைத்து இன்னொன்றின் வயதைச் சொன்னால் முழுக்கத் தவறாகிவிடும். மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் ஓடைகள் பழைய அடுக்கை அரித்துப் புதிய அடுக்கின் மேல் கொண்டுவந்து போடும். சாலைக்குக் கொட்டிய சரளையோடும் வந்திருக்கலாம். கோடி ஆண்டுகளுக்கு முன்பேகூட இப்படி நடந்திருக்கிறது: பழைய கடலடி அரிக்கப்பட்டு, அதிலிருந்த புதைபடிவம் புதிய கடலடியில் மறுபடி புதைந்துபோகும். அப்படிப்பட்டது தேய்ந்து, உடைந்து, சுற்றியுள்ள கல்லிலிருந்து நிறத்தில் வேறுபட்டு இருக்கும்.

எனவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில்: கல்லுக்குள் பதிந்த நிலையில், தேயாமல், இருந்த இடத்திலேயே பார்த்திருந்தால் ஆமாம், அதன் காலம்தான் அந்த அடுக்கின் காலம். ஓடையில் உதிரியாக எடுத்திருந்தால், அது தன் காலத்தை மட்டும் சொல்லும். மாட்டுங்காவில் பூஜைச் சாமான் கடைகளில் சாளக்கிராமம் பார்த்திருப்பீர்கள். கண்டகி ஆற்றிலிருந்து வரும் அந்தக் கருங்கற்களில் சக்கரமாகத் தெரிவது பெரும்பாலும் அம்மோனைட்தான். ஜுராசிக் முடிவு, கிரெட்டேசியஸ் தொடக்கம், சுமார் பதினாலு கோடி ஆண்டு. அதன் காலத்தை அச்சிலிருந்தே சொல்லிவிடலாம். ஆனால் ஆறு உருட்டிக் கொண்டுவந்த கல், எந்த மலைச்சரிவின் எந்த அடுக்கு என்று அதைக் கேட்டு அறிய முடியாது.

இதனால்தான் கிடைத்த இடத்தைக் குறித்து வைக்காத அம்மோனைட்டைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். 1840-களில் கே, கன்லிஃப் என்ற இரு ஆங்கிலேயர்கள் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சி பகுதிகளில் சேகரித்து லண்டனுக்கு அனுப்பிய புதைபடிவங்களை 1846-இல் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் விவரித்தார். பிறகு ஹென்றி பிளான்ஃபோர்ட் அந்த நிலப்பகுதியை அடுக்கு அடுக்காக வரைபடமாக்கினார். 1860-களில் ஸ்டோலிஸ்கா அந்த அம்மோனைட்டுகளை ஒவ்வொன்றாக வரைந்து விவரித்தார். 1890-களில் வியன்னாவில் காஸ்மாட் அவற்றை மறுபடி ஆராய்ந்து ஐரோப்பிய வரிசையோடு பொருத்தினார். கதிரியக்கம் என்ற ஒன்றே 1896-இல்தான் தெரியவந்தது. ஆண்டு எண் ஒன்றுமே கையில் இல்லாமல் அவர்கள் கட்டிய வரிசையின் சட்டகம் இன்றும் நிற்கிறது. எண்கள்தான் மாறுகின்றன, செனோமேனியன் தொடக்கம் 9.7 கோடி என்று 1980-களின் கால அட்டவணையில் இருந்தது, இன்று 10.05 கோடி. பழைய புத்தகத்திலும் புதிய புத்தகத்திலும் வேறு வேறு எண்ணைப் பார்த்து உங்கள் மகள் குழம்ப வேண்டாம்.

கிழக்குக் கோடியில் செந்துறைப் பக்கம் நின்னியூர் சுண்ணாம்புக்கல் இருக்கிறது. அதில் அம்மோனைட் கிடையாது, ஹெர்கோகுளோசா டேனிகா என்ற நாட்டிலஸ் உண்டு. 6.6 கோடி ஆண்டு முன்பு டைனோசர்களோடு அம்மோனைட்டும் முடிந்துபோன பிறகு படிந்த கல் அது. ஒரே மாவட்டத்தில் அந்த எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்து பார்க்கலாம். அடுத்த முறை போகும்போது மகளை அழைத்துப் போங்கள். வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்தையும் காட்டுங்கள். சுரங்கத்துக்குள் மட்டும் அனுமதி இல்லாமல் இறங்க வேண்டாம், விளிம்பு சரியும்.

இப்போதைக்கு இன்னும் மூன்று படங்கள் வேண்டும். வெளி விளிம்பை நேராகப் பார்த்தபடி ஒன்று. நடுவில் முகடு இருக்கிறதா, வரிகள் அதைத் தாண்டிப் போகின்றனவா என்று தெரிய வேண்டும். வாய்ப்பகுதியை நேராகப் பார்த்தபடி ஒன்று. மடிப்புக் கோடு தெரியும் இடத்தை நெருக்கமாக எடுத்த ஒன்று. பக்கத்தில் ஒரு ஸ்கேல் இருக்கட்டும். ஓடை எந்த ஊர் எல்லையில், சுரங்கத்துக்கு எந்தத் திசையில், கல் மண்ணில் பதிந்திருந்ததா மேலே கிடந்ததா என்பதை மகள் மறப்பதற்குள் எழுதி வைக்கச் சொல்லுங்கள். போன் மேப்பில் ஒரு குறியும் போட்டு வைக்கலாம். வினிகரோ ஆசிட்டோ போட்டுச் சுத்தம் செய்ய வேண்டாம், கோடு கரைந்துவிடும். சுருளின் நடுக்குழியில் ஒட்டியிருக்கும் மண்ணையும் கழுவாமல் அப்படியே விடுங்கள். அது காரைக் களிமண்ணாக இருந்தால் அதற்குள் ஃபொராமினிஃபெரா ஓடுகள் இருக்க வாய்ப்பு அதிகம். அம்மோனைட் சொல்வதை அவற்றைக் கொண்டு தனியாகச் சரிபார்க்கலாம், அந்த மண் எந்த அடுக்கைச் சேர்ந்தது என்றும் கண்டுபிடித்துவிடலாம்.